பாலத்தைப் பற்றி நீ சொல்லாதது

முசரவாக்கம்,
6 ஆகஸ்ட் 2006.

அன்புள்ள லோகேஸ்வரன் அண்ணாவுக்கு, கிரேஸ் எழுதுவது.

நம் காலனிப் பாலத்தை உடைத்துக்கொண்டிருப்பது நீ. லாரிகள் அப்புறம், முதலாளி அப்புறம், முதலில் நீ. இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று பேனாவை எடுத்தேன். இப்போது விசாரிக்கிறேன். அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போட்டோவில் உன் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது என்று அம்மாவுக்குக் கவலை. அம்மா சுகம். அப்பா வேலைக்குப் போய் வருகிறார். நான் காஞ்சிபுரத்தில் அதே டிசைன் கடையில்தான் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைந்து, தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுக்கும் வேலை. சம்பளம் ஏறவில்லை.

சித்திரையில் நீ வந்தபோது சீனிவாசன் முதலாளி கல்யாண மண்டபத்தில் உனக்குப் பாராட்டு விழா வைத்தார். அப்பா இத்தனை வருஷமாக அவர் லாரியைத்தான் ஓட்டுகிறார். அவர் வீட்டு வாசலைத் தாண்டி ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு மேடையில் நாற்காலி, கழுத்தில் மாலை. தேவசகாயம் என்று பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தாயோ இல்லையோ, நான் பார்த்தேன்.

ஜெர்மனியில் என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று முதலாளி கேட்டார். நீ சொன்னாய். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், முன் வண்டியை மட்டும் ஆள் ஓட்டுவான், பின்னால் வருகிறவை தாமாகவே ஓடும், பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் கம்ப்யூட்டர் கையில் இருக்கும், இடைவெளி ரொம்பக் கொஞ்சம், அதனால் பின்வண்டிக்கு எதிர்காற்று அடிக்காது, டீசல் மிச்சம் என்றாய். மண்டபமே கை தட்டியது. முதலாளி டீசல் விஷயத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மிச்சத்தை என்னிடம் சொன்னாய். பாலம் வந்தால் அந்த வண்டிகள் விலகி, ஒன்று தாண்டிய பிறகுதான் அடுத்தது ஏறும்படி செய்ய வேண்டும், இல்லையென்றால் பாலம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருக்கும் என்றாய். எல்லாச் சக்கரமும் ஒரே தடத்தில் போனால் ரோடு அந்த இடத்திலேயே தேய்ந்து குழியாகும், அதற்காக ஒவ்வொரு வண்டியையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஓட்டப் பார்க்கிறோம் என்றும் சொன்னாய். இதை ஏன் மேடையில் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாருக்குப் புரியப் போவுது கிரேஸ், கை தட்டிக்கினு இருக்காங்க, வுடு” என்று சிரித்தாய்.

நீ மேடையில் சொன்ன பாதியை முதலாளி செய்துகாட்டிவிட்டார். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. டிரைவர்கள் இருக்கிறார்களே. ஒவ்வொரு லாரியின் பின்பலகையிலும் அகலமாக வெள்ளைப் பட்டை அடித்தார். முன்வண்டியை அர்ஜுனன் ஓட்டுகிறான். மற்றவர்கள் பட்டையைக் கண்ணிலிருந்து விடாமல், நடுவில் ஒரு நாய் புகுந்து போக முடியாத இடைவெளியில் தொடர வேண்டும். ரோட்டைப் பார்க்காதே, பட்டையைப் பார் என்பது கட்டளை. அப்பா இரண்டாவது வண்டி. இதற்கு டிரைவர்கள் வைத்த பெயர் ஜெர்மன் லைன். டீக்கடையில் யாராவது “ஜெர்மன் வருதுடோய்” என்றால் எல்லாரும் சாலையை விட்டு இறங்கிவிடுகிறார்கள்.

பெங்களூர் ரோட்டை நாலு வழியாக்குகிறார்கள் இல்லையா, அதற்குத்தான் ஜல்லி போகிறது. குவாரியிலிருந்து ஊர்த்தெரு வழியாகப் போனால் கிட்டே. ஆனால் அது தேர் ஓடும் தெரு, கெட்டுவிடும் என்று ஊரில் மறித்துவிட்டார்கள். நாம் மறித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? காலனி வழியாக, பாலத்தின் மேல் திருப்பிவிட்டார்கள். பெரிய ரோடு போடுவதற்காக நம் சின்ன ரோட்டைத் தின்கிறார்கள்.

அந்தப் பாலம் வருவதற்கு முன் ஏரி நிறைந்து கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் போனால் நாம் எப்படிக் கடப்போம் என்று உனக்குத் தெரியும். பெரியப்பாவின் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். பாடையின் ஒரு காலை நீயும் பிடித்தாய். கெஞ்சிக் கெஞ்சி வாங்கிய பாலம். டவுன் பஸ்ஸும் மாட்டு வண்டியும் போவதற்காகக் கட்டியது.

இப்போது அதில் இரண்டு தடம் விழுந்திருக்கிறது, யாரோ இழைப்புளி வைத்து இழுத்ததுபோல. நடுவில் கான்கிரீட் பலகையும் பலகையும் சேருமிடத்தில் என் விரல்கள் உள்ளே போகின்றன. பாலத்தை ஒட்டி வீடு இருக்கும் சம்பூர்ணம் அத்தை, லைன் வரும்போது அலமாரிப் பாத்திரத்தை எல்லாம் எடுத்துத் தரையில் வைத்துவிடுகிறார். டவுன் பஸ் டிரைவர் பாலத்துக்கு முன்னால் எல்லாரையும் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்கிறார். நாங்கள் நடந்து போய் ஏறிக்கொள்கிறோம். “டிக்கெட்டு எடுத்தவன் நடக்கிறான், பஸ்ஸு சொகுசா போவுது” என்று ஜனங்கள் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் பாலத்தின் மேல் கால் வைத்ததும் எல்லாரும் நடையை எட்டிப் போடுகிறார்கள். நீ வந்து பார்த்தால்தான் அந்த நடை உனக்குப் புரியும்.

வண்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டு என்று பாலத்தின் முனையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதன் மேல் உன் படம் போட்ட வாழ்த்துத் தட்டியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நீ கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

மேடையில் சொல்லாமல் விட்ட பாதியை முதலாளிக்கு எழுது. அப்பாவுக்கும் எழுது. நான் சொல்லி இருவரும் கேட்கவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கர்த்தர் உன்னைக் காப்பார். எங்களை நீ காக்க வேண்டும்.

அன்புத் தங்கை,
கிரேஸ்.


முசரவாக்கம்,
15 அக்டோபர் 2006.

அண்ணாவுக்கு, கிரேஸ்.

பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசினாய். போனை நான் வாங்கியதும் மழை வந்ததா என்று கேட்டாய். வரவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். என் கடிதம் கிடைத்தது என்பது அதிலேயே தெரிந்தது. கிடைக்காதவன் சண்டை போட்டிருப்பான், இல்லை கேலி பேசியிருப்பான்.

நீ அனுப்பிய ஸ்வெட்டர் அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது. இந்தப் புழுக்கத்திலும் ஒருநாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார், டிரைவர்களுக்குக் காட்டுவதற்கு.

நான் சும்மா இருக்கவில்லை. மனு எழுதிக்கொண்டு ரோடு சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். பாலத்தை யாராவது இன்ஜினீயர் பார்த்துச் சொன்னார்களா என்று கேட்டார். நீங்கள்தானே இன்ஜினீயர் என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம், முசரவாக்கத்து ஜெர்மனிக்காரர் உன் அண்ணன்தானே, அவரிடமே எழுதி வாங்கி வா, மேலே அனுப்ப எனக்கும் தைரியம் வரும் என்றார்.

முதலாளியைப் பார்க்கவும் போனேன். வாசலில் நிற்க வைத்துத்தான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இன்னாமா நீ, உங்க அண்ணன் குடுத்த டெக்னிக்கை வச்சி நான் வண்டி ஓட்டுறேன், நீ வந்து நொட்டை சொல்றே. அவன் ஒரு வார்த்தை வாணாம்னு சொல்லட்டும், அன்னைக்கே நிறுத்திர்றேன்.” அவர் பொய் சொல்லலாம். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை உன்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அவர் பொய்யரா என்று பார்ப்போம்.

எங்கள் கடையில் அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்தால் அந்தத் தப்பு பார்டர் நெடுகத் திரும்பத் திரும்ப வரும். நெய்கிறவருக்குக் கடைசிவரை தெரியாது, அவர் மிதியை மிதித்துக்கொண்டே இருப்பார். அர்ஜுனன் ஒரு பள்ளத்தில் இறக்கினால் ஏழு வண்டியும் அதே பள்ளத்தில் இறங்குகின்றன. பாலத்திலிருந்து ஒன்று இறங்கும் முன் அடுத்தது ஏறிவிடுகிறது. பாரமும் ஏற்ற வேண்டிய அளவா என்றால் இல்லை, லாரியின் பக்கப் பலகைக்கு மேல் ஜல்லி கோபுரமாகக் குவித்திருக்கிறது.

அப்பாவிடம் சண்டை போட்டேன். இந்த லைனை விட்டுவிடுங்கள், தனி வண்டி கேளுங்கள் என்றேன். என் பிள்ளை கண்டுபிடித்தது, நானே விட்டால் ஊர் சிரிக்காதா என்றார். உன்னை எதிர்த்து ஒரு சொல் கேட்க மாட்டார். அந்த மேடையை விட்டு அவர் இன்னும் இறங்கவில்லை.

இதுவரைக்கும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெருமை என்று. இனி எழுதப்போவதை எழுதக் கூடாது என்று அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். எழுதுகிறேன்.

போன வாரம் சாயங்காலம் வேலை விட்டு வந்து பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்பா எதிரே நடந்து வந்தார். நான் நின்றேன். என்னைத் தாண்டிப் போனார். அப்பா என்று கூப்பிட்டேன். திரும்பி, யாரும்மா என்று கேட்டார். என் குரல் தெரிந்ததும், வெயில் கண்ணில் அடித்தது என்றார். வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அம்மாவை விடாமல் கேட்டேன். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டதாம். சர்ச்சில் நடந்த கண் முகாமுக்கு, நீ வருவதற்கும் முன்னாலேயே, இருவரும் போயிருக்கிறார்கள். வண்டி ஓட்டவே கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா போகவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும், வீட்டில் உட்கார வேண்டும், பிள்ளையிடம் கை நீட்ட வேண்டும் என்ற பயம். ரோடு அவருக்குப் புகை மாதிரி. நீ வந்து லைனைப் பற்றிச் சொன்னாய். முதலாளி அந்த அகலமான வெள்ளைப் பட்டையை அடித்தார். அது ஒன்று அப்பாவுக்குத் தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்.

“லோகு வந்து எனக்குக் கண்ணு குடுத்துட்டுப் போனான்” என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அங்கே ஆள் இல்லாமல் வண்டி ஓட்டப் பார்க்கிறீர்கள். இங்கே ஆள் இருக்கிறான், கண் இல்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றாவது தெரியும்.

எனக்குக் கோபம் போய்விட்டது அண்ணா, பயம்தான் இருக்கிறது. பஸ்ஸில் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். முதலாளியிடம் அப்பா கண்ணைப் பற்றி நான் சொல்லலாம். சொன்னால் அவர் என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார், வேறு ஏதாவது செய்துகொள்வாரோ என்று அம்மா நடுங்குகிறாள். நீ பாலத்தைப் பற்றிச் சொன்னால் போதும். பாலம் தாங்காது என்று சொல். லைன் நின்றுவிடும். அப்பா கண்ணைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது. மகன் சொல்லி நிறுத்தினான் என்று அவரும் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வருவார்.

உனக்கு என்ன தடுக்கிறது? பாதியைத்தான் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கமா? அங்கே உன் பேராசிரியருக்குத் தெரிந்தால் கெட்ட பெயரா? எதுவாக இருந்தாலும் எழுது. திட்டியாவது எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கிறோம்.

கிரேஸ்.


காஞ்சிபுரம்,
11 நவம்பர் 2006, சனிக்கிழமை.

அண்ணா,

தபாலில் போட்டால் வந்து சேர நாளாகும். டிசைன் ஏற்றுகிற ஸ்கேனரில் வைத்து, கடையிலிருந்தே மெயிலில் அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிறைந்து கலங்கலில் தண்ணீர் போகிறது. பாலத்துக் கால் ஒன்றின் அடியில் கருங்கல் பெயர்ந்து அங்கே தண்ணீர் சுழிக்கிறது. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. மூங்கில் கட்டி, சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார்கள். டவுன் பஸ் இப்போது இந்தப் பக்கமே வருவதில்லை.

குவாரியில் தண்ணீர் தேங்கியதால் லைன் நின்றிருந்தது. இந்த ஆறு நாளாகத்தான் நான் தூங்குகிறேன். திங்கட்கிழமை காலை மறுபடி ஓடப் போகிறது, வேலை பின்தங்கிவிட்டதென்று முதலாளியை மேலிருந்து நெருக்குகிறார்களாம்.

அர்ஜுனன் வேலையை விட்டுவிட்டான். பாலத்துக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு, பிள்ளை குட்டிக்காரன், என்னால் முடியாது என்று சொல்லிவிட்டான். யாருக்காவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

நேற்று முதலாளி நம் வீட்டுக்கே வந்தார். காலனிக்குள் கார் வந்தது. அம்மா நீட்டிய தண்ணீரை வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து லைனுக்கு முன்வண்டி தேவசகாயம்தான் என்றார். “புள்ளை கண்டுபிடிச்சதை அப்பன் முன்னால நின்னு ஓட்டட்டும், அதுதான் மொறை” என்றார். அப்பா எழுந்து நின்று கை கூப்பினார்.

முன்வண்டிக்கு முன்னால் பட்டை கிடையாது அண்ணா.

கார் போனதும் அம்மா அழுதாள். இந்த ஒரு தடவை கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுங்கள் என்று காலைப் பிடித்தாள். இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்றார் அப்பா. அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் கை துண்டைத் தேடியது. துண்டு தோளில்தான் இருந்தது.

அதற்கப்புறம் நானே முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணையும் சொன்னேன். சத்தியம் போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அப்பனுக்குக் கெடைச்ச மரியாதை பொண்ணுக்குப் பொறுக்கலையா என்று கேட்டார். இத்தனை நாள் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவனுக்குக் கண் தெரியாதா, என்ன கதை என்றார். நீ சொன்னால்தான் நம்புவார். மகன் சொன்னால். இன்ஜினீயர் சொன்னால்.

அவர் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். நாளை ஞாயிறு, உனக்கும் லீவு. ஒரே ஒரு போன். கடையைப் பூட்டும்வரை கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பேன்.

இந்த ஒன்றைத் தவிர உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

கிரேஸ்.


13 நவம்பர் 2006, திங்கட்கிழமை காலை.

அண்ணா,

முதலாளியிடம் கேட்டேன். உன்னிடமிருந்து போன் எதுவும் வரவில்லையாம். உன் நம்பருக்கு நான் அடித்தால் மணி போகிறது, எடுப்பதில்லை. அங்கே இன்னும் விடியவில்லை என்று தெரியும். நேற்று பகல் முழுக்கவும் எடுக்கவில்லையே.

அப்பா குளித்து, புதுச் சட்டை போட்டு, ஜெபம் செய்துவிட்டு, குவாரிக்குப் போய்விட்டார். வாசற்படியில் தடுமாறினார். பிடிக்கப் போன அம்மாவின் கையைத் தட்டிவிட்டார். பாரம் ஏற்றி ஏழு வண்டியும் பாலத்துக்கு வர இன்னும் கொஞ்ச நேரம்தான் ஆகும்.

கடை திறக்கும் முன்பே சாவி வாங்கி உள்ளே உட்கார்ந்து இதை அனுப்புகிறேன். இப்போதுதான் சம்பூர்ணம் அத்தை போன் செய்தார். அம்மா பாலத்துக்கு நடுவில் போய் நின்றுவிட்டாளாம். அத்தையும் காலனிப் பெண்கள் சில பேரும் கூட நிற்கிறார்களாம். லைனை மறிக்கிறார்களாம். பெண்டாட்டியைப் பார்த்தால் நிறுத்தாமல் போய்விடுவாரா என்று அம்மா சொல்கிறாளாம்.

முன்வண்டியில் வருவது யார் என்று அத்தைக்குத் தெரியும். அவருக்குக் கண் தெரியாது என்பது அத்தைக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் நிற்கிறாள். முதலாளிக்கு அடித்தேன், என் நம்பர் என்றதும் எடுக்கவில்லை.

நான் இங்கிருந்து ஓடினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேன். ஓடத்தான் போகிறேன்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். எழுந்திரு. இந்த நிமிஷம் சீனிவாசனுக்குப் போன் செய்து வண்டியை நிறுத்தச் சொல்.